ஏழாம் நம்பர் டேங்கர், ஆல் வெல்

ரேடியோ வேலை செய்யவில்லை என்று கார்மேகம் எழுதியதுதான் அவன் செய்த ஒரே தவறு. அதையும் நீல மையில், மூன்று பிரதியில், அதற்கென்று இருந்த கட்டத்துக்குள் ஒழுங்காக எழுதியிருந்தான்.

அபுதாபிக்குப் பக்கத்தில் முஸஃபாவில் எங்கள் யார்டு. பதினான்கு தண்ணீர் டேங்கர்கள். பாலைவனத்துக்குள் வேலை நடக்கிற கேம்ப்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் தொழில். தூரத்துக் கேம்ப் நூற்று நாற்பது கிலோமீட்டர். முதல் பாதி தார் ரோடு, மறுபாதி மணலில் டயர் போன தடம். காற்று அடித்தால் தடமும் இருக்காது.

நான் ரேடியோ அறையில் இரவு ஷிப்ட். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை. பகல் ஷிப்ட் காயல்பட்டினத்து நூஹு காக்கா; காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். நான் பி.எஸ்ஸி.யை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் இந்த வேலைக்கு எடுத்தார்கள். காது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ரேடியோ வந்தது தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில். எங்களுக்கு கான்ட்ராக்ட் கொடுத்த எண்ணெய்க் கம்பெனி, பாலைவனத்துக்குள் போகும் ஒவ்வொரு வண்டியிலும் பேசுகிற ரேடியோ இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. உடனே எங்கள் கம்பெனி கலீலுர் ரஹ்மானை சேஃப்டி அண்ட் கம்யூனிகேஷன் மேனேஜர் ஆக்கியது. வாணியம்பாடிக்காரர். அதுவரை டயர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துபாயில் தேரா கடைவீதிக்குப் போய்ப் பதினைந்து சி.பி. ரேடியோ வாங்கிவந்தார். வண்டிக்குப் பதினான்கு, அறைக்கு ஒன்று. டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டுகிற சின்னப் பெட்டி, சுருள் ஒயரில் ஒரு மைக், மைக்கின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம்.

பேட்டரி ஷாப் ஆட்கள் இரண்டு பேர் ஒரே நாளில் பதினான்கையும் மாட்டினார்கள். கேபின் கூரை ஓரத்தில் தகடு அடித்து, இரண்டு மீட்டர் நீளக் கம்பியை ஆன்டெனாவாக நிறுத்தினார்கள். அதன் நீளத்தை அதற்கென்று உள்ள கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நுனியை விரலளவு வெட்ட வேண்டும் என்று பெட்டியிலிருந்த காகிதம் சொன்னது. ஸ்டோர் ரிஜிஸ்தரில் இரண்டு மீட்டர் என்று ஏறிவிட்ட சாமானை யாரும் வெட்ட முடியாது என்று கலீலுர் ரஹ்மான் சொல்லிவிட்டார். மைக்கின் பிளாஸ்டிக் உறையையும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அது பழைய சாமான் ஆகிவிடும்.

திறப்பு விழா யார்டிலேயே நடந்தது. ஏழாம் நம்பர் டேங்கரை ரேடியோ அறையின் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கலீலுர் ரஹ்மான் உள்ளே உட்கார்ந்து "ஹலோ, ஹலோ" என்றார். அதன் டிரைவர் கார்மேகம் வண்டிக்குள்ளிருந்து "கேக்குது சார்" என்றான். ரேடியோவில் கேட்டதா ஜன்னல் வழியாகக் கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினோம். வெளியே கிளம்பிய முதல் வண்டியின் ஆன்டெனா, கேட்டின் வளைவில் இருந்த கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. மறுநாள் சர்க்குலர் வந்தது: யார்டுக்குள் வரும்போது ஆன்டெனாவை வளைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். டிரைவர்கள் மறக்கிறார்கள் என்பதால் அடுத்த வாரம் இன்னொன்று: எப்போதும் கட்டியே வைக்க வேண்டும். ஸ்டோரில் மஞ்சள் நைலான் கயிறு கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு பதினான்கு டேங்கர்களும் தூண்டிலில் பெரிய மீன் மாட்டியது போல முதுகு வளைந்த கம்பியோடு பாலைவனத்துக்குள் போய்வந்தன. கேம்பில் டிரைவர்கள் அந்தக் கயிற்றில் பனியன் காயப்போட்டார்கள். கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட் செய்ததிலேயே உருப்படியான உபயோகம் அதுதான்.

விதி இப்படி: ஒவ்வொரு வண்டியும் மணிக்கொரு தடவை, இருபத்துநான்கு மணி நேரமும், ரேடியோவில் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். டிரைவர் தூங்கினாலும் வண்டி தூங்காது என்பது கலீலுர் ரஹ்மானின் கருத்து. ஆபரேட்டர் அதை ரிஜிஸ்தரில் டிரைவர் பெயரோடு எழுத வேண்டும். முதல் நாள் வண்டிகள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் ரேடியோவில் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. நூஹு காக்கா கட்டங்களைக் காலியாக விட்டார். சாயங்காலம் கலீலுர் ரஹ்மான் ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்.

"காலியா இருந்தா என்ன அர்த்தம்? வண்டியைக் காணோம்னு அர்த்தம். காணோம்னா தேடணும். தேடினா எண்ணெய்க் கம்பெனிக்குச் சொல்லணும். சொன்னா கான்ட்ராக்ட் போகும். நீ தேடப் போறியா?"

அப்படியானால் என்ன எழுதுவது என்று நூஹு காக்கா கேட்டார்.

"நான் பொய் எழுதச் சொல்லலை. கெட்ட செய்தி ஏதாவது வந்துச்சா? வரலை. கெட்ட செய்தி வரலைன்னா அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?"

ஆல் வெல். அன்று முதல் அதை எழுதினோம். மணிக்குப் பதினான்கு வரி. ஒரு வாரத்தில் கை தானாகப் போனது. நான் மணி அடிப்பதற்கு முன்பே எழுதிவிட்டு டீ குடிப்பேன்.

மே மாதக் கடைசியில் ஆல் வெல் ஒரு லட்சத்தைத் தொட்டது. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பிரியாணி போட்டார்கள். எல்லோருக்கும் தொப்பி கொடுத்தார்கள். ஒரு லட்சமாவது ரிப்போர்ட் ஏழாம் நம்பர் வண்டியின் வரியில் விழுந்திருந்ததால் கார்மேகத்துக்குச் சிறந்த ரேடியோ உபயோகிப்பாளர் என்று ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தது. அந்த ரிப்போர்ட் பதிவான நேரத்தில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் என்பது கேம்பில் எல்லோருக்கும் தெரியும். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, "நா எதுக்குண்ணே?" என்று என்னிடம் கேட்டான். சிரித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

கார்மேகம் சாயல்குடிப் பக்கம். ஜலஜாவைக் கல்யாணம் செய்து இருபத்தேழாவது நாள் விமானம் ஏறியவன். இரண்டரை வருஷமாகப் போகவில்லை. ஜூலை ஒன்று முதல் நாற்பத்தைந்து நாள் லீவு என்று ஆர்டர் வந்திருந்தது. அந்த ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். போவதற்கு முன் வண்டியை ஒப்படைத்து, படிவத்தில் மேனேஜர் கையெழுத்து வாங்கினால்தான் பாஸ்போர்ட் கையில் கிடைக்கும். படிவத்தில் முப்பத்தொரு கட்டம். ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர்க் குழாய். முப்பதாவது, ரேடியோவின் நிலை.

மற்ற டிரைவர்கள் அந்தக் கட்டத்தில் 'குட்' என்று எழுதுவார்கள். இவன் 'நாட் வொர்க்கிங்' என்று எழுதினான். ஏன் என்று நான் பிறகு கேட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொள்ளப் போகிறவர் ராக்கப்பன். நாற்பத்தைந்து வயது, சமீபத்தில்தான் வந்திருந்தார், மணலில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை.

"அவரு மணல்ல மாட்டிக்கிட்டு, இத நம்பி மைக்கப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார்னா என்னண்ணே செய்யிறது? ஓடலைன்னா ஓடலைன்னுதான எழுதணும்?"

ஜூலை ஒன்றாம் தேதி காலையில் கலீலுர் ரஹ்மான் அவனைக் கூப்பிட்டார். என்னையும் ரிஜிஸ்தரோடு வரச் சொன்னார். ரேடியோ எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை என்று கேட்டார். மாட்டின நாளிலிருந்து என்றான் கார்மேகம்.

அவர் ரிஜிஸ்தரைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். கார்மேகத்தின் பெயரில் எட்டாயிரம் ரிப்போர்ட் இருந்தது. வேலை செய்யாத ரேடியோவில் எட்டாயிரம் தடவை பேசியது யார் என்று கேட்டார். கார்மேகம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"மாட்டின நாளிலிருந்து ஓடலைன்னா நீ பரிசு வாங்கினது ஃபிராடு. நேத்திலிருந்து ஓடலைன்னா நீ உடைச்சிருக்கே. எது?"

கார்மேகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "என்ன எழுதணும்னு சொல்லுங்க சார், எழுதிர்றேன்."

"நான் சொல்லி நீ எழுதினா அது உன் வாக்குமூலம் ஆகாதே."

அடித்து எழுதலாமா என்றான். ஒப்படைப்புப் படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. புதுப் படிவம் தரலாமா என்றான். பழைய படிவத்தின் மூன்றாம் பிரதி எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டது. எனவே விசாரணைதான். விசாரணை முடிகிறவரை பாஸ்போர்ட் இல்லை. லீவைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டான். முடியாது. ஆர்டர் அமலுக்கு வந்துவிட்டது, இன்று காலையிலிருந்து நீ லீவில்தான் இருக்கிறாய் என்றார் கலீலுர் ரஹ்மான். லீவில் இருப்பவர்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது என்பதையும் நினைவுபடுத்தினார்.

இப்படியாக கார்மேகத்தின் லீவு முஸஃபா யார்டில் தொடங்கியது. தினமும் காலையில் குளித்து, ஊருக்குப் போட வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவான். நாற்பத்தைந்து நாற்பத்துநான்கு ஆனது, நாற்பத்துமூன்று ஆனது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிடையாது, அன்றும் ஒரு நாள் போனது.

ஐந்தாம் தேதி விசாரணைக் குழு ஏழாம் நம்பர் வண்டியைப் பார்வையிட்டது. குழு என்றால் கலீலுர் ரஹ்மான், ஸ்டோர்கீப்பர், கேமரா வைத்திருந்த டைப்பிஸ்ட். ஆன்டெனாக் கயிற்றில் துணி மாட்டுகிற கிளிப் ஒன்று இருந்தது. அதைப் படம் எடுத்தார்கள். தகவல் தொடர்புச் சாதனத்தைச் சலவைக்குப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கயிற்றை அவிழ்த்தால் கொஞ்ச தூரமாவது கேட்கும் சார் என்று கார்மேகம் சொன்னான். கயிறு கட்டச் சொன்னது சர்க்குலர், சர்க்குலரைக் குறை சொல்கிறாயா என்று அதற்கு இன்னொரு மெமோ வந்தது.

ஒன்பதாம் தேதி அவன் என்னைக் கூட்டிக்கொண்டு தேராவுக்குப் போனான். ரேடியோ விற்ற கடையைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினான். கடைக்காரர் செய்கு முகம்மது கீழக்கரைக்காரர், அறுபது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலை எடுத்துப் போட்டு, லெபன் மோர் வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, இது பத்துக் கிலோமீட்டர் சாமான். நல்ல வெட்டவெளி, ஆன்டெனா நிமிந்து நின்னா பதினஞ்சு. நூத்தி நாப்பது போகணும்னா அது வேற செட்டு, அதுக்கு லைசென்ஸ் வேணும், வெலையும் பத்து மடங்கு. வாங்க வந்த ஆளுகிட்ட இதத்தான் நானும் சொன்னேன்."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பெட்டி பாக்க நல்லா இருக்குன்னாரு."

அவர் கம்பெனிக் கேட்லாகைத் தேடி எடுத்து, தூரம் அச்சடித்திருந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். கார்மேகம் அதை லீவு ஆர்டரோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தான். வரும் வழியில் பஸ்ஸில் தூங்கினான். பத்து நாளில் அவன் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

கலீலுர் ரஹ்மான் கேட்லாகை நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் நிஜமாகவே பெருமை தெரிந்தது.

"இவங்க தயாரிச்ச ரேடியோ பத்துக் கிலோமீட்டர்தான் போகும்னு இவங்களே சொல்றாங்க. நம்ம ரிஜிஸ்தர் பிரகாரம் அதே ரேடியோ நூத்தி நாப்பது போயிருக்கு. அப்போ யார் சிஸ்டம் பெட்டர்?"

கேட்லாக் பாராட்டுக் கோப்பில் சேர்ந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். எழுதியது நான்தான், எதுவும் கேட்கவில்லை, சும்மா எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் விசாவும் நூஹு காக்காவின் விசாவும் கேன்சல் ஆகும். சொல்லவில்லை. ரேடியோ ஓடுகிறதா இல்லையா என்பது டெக்னிக்கல் விஷயம், ரிப்போர்ட் வந்ததா இல்லையா என்பதுதான் சேஃப்டி விஷயம் என்று கலீலுர் ரஹ்மான் அன்று விளக்கினார். இதை அவர் நம்பினார். அதுதான் அவரிடம் பயம் தருகிற விஷயம்.

பதினேழாம் தேதி குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஏழாம் நம்பர் டேங்கரைத் தண்ணீரோடு நூற்று நாற்பதாவது கிலோமீட்டர் கேம்புக்கு ஓட்டிப்போக வேண்டும். மறுநாள் திரும்ப வேண்டும். வழியெல்லாம் மணிக்கொரு ரிப்போர்ட். அறையில் ரிப்போர்ட் பதிவானால் ரேடியோ நன்றாக இருக்கிறது, கார்மேகம் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். பதிவாகாவிட்டால் அவன் உடைத்திருக்கிறான், கேஸ். லீவில் இருப்பவன் கம்பெனி வண்டியைத் தொடக் கூடாது என்பதால், சொந்த விருப்பத்தில் ஓட்டுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். டெஸ்ட் என்பதற்காக எதையும் மாற்றக் கூடாது, வழக்கம்போலவே எழுத வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு.

நூஹு காக்காவும் நானும் அதைப் பற்றி இரண்டு நிமிஷம்தான் பேசினோம்.

"நாம எழுதுனாத்தான் அவன் ஊருக்குப் போவான்" என்றார்.

"எழுதிருவோம்" என்றேன்.

கார்மேகத்திடமும் சொல்லிவிட்டோம். நீ போய்ட்டு வா, எல்லா மணிக்கும் ஆல் வெல் விழும். அவனுக்குக் கண் கலங்கியது. எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சிகரெட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தான்.

பதினெட்டாம் தேதி காலை ஐந்து மணிக்குக் கிளம்பினான். நான் ஐந்து மணி வரியை எழுதினேன். அது மட்டும் உண்மை, வண்டி ஜன்னலுக்கு வெளியே நின்றது. பிறகு நூஹு காக்கா எழுதினார். மாலை ஆறு முதல் மறுநாள் காலை வரை நான் எழுதினேன். பிறகு அவர். பத்தொன்பதாம் தேதி மாலை ஷிப்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, ஆறு மணிக்குரிய பதினான்கு வரியையும் எழுதினேன். ஏழாம் நம்பர், கார்மேகம், ஆல் வெல். பேனாவை மூடும்போது போன் அடித்தது.

"அண்ணே, கார்மேகம்ணே. ரோட்டு மேல ஒரு மளிகைக் கடையிலருந்து பேசுறேன். நேத்து பத்து மணிக்கு மணல்ல எறங்கிருச்சுண்ணே வண்டி. அச்சு வரைக்கும்."

பேனாவை ரிஜிஸ்தர் மேல் வைத்தேன்.

"காத்துல தடம் போயிருச்சு. கயித்தெல்லாம் அவுத்து, கம்பிய நிமித்தி, பிளாஸ்டிக்கப் பிச்சுப்போட்டு, தொண்ட வத்துற வரைக்கும் கத்துனேன். யாரும் வரலை. நீங்க தேடலையாண்ணே?"

ஜூலை மாதம். முப்பது மணி நேரம். ஐயாயிரம் கேலன் தண்ணீரோடு மாட்டியதால் பிழைத்தான். டேங்கருக்கு அடியில் நிழலில் படுத்து, குழாயைத் திறந்து நனைந்துகொண்டே கிடந்திருக்கிறான். சாப்பிட ஒரு குபூஸ் ரொட்டியும் அரைப் பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தன. தண்ணீர் வராத கேம்ப்காரர்கள் அவர்களே வாங்கிவைத்திருந்த ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் இதே கடைச் சரக்கு. கடைசியில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் தேடி வந்த ஒரு பதூ நாடோடிக் கிழவர் ஈர மணலைப் பார்த்து வண்டியைக் கண்டுபிடித்தார். ஒட்டகங்கள் வயிறு நிறையக் குடித்தன. கிழவர் அவனைப் பிக்கப்பில் ஏற்றி ரோட்டில் விட்டார்.

அவன் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டு வரிகளை எண்ணினேன். அவன் மணலில் இறங்கியதிலிருந்து முப்பத்துமூன்று ஆல் வெல். அதில் பதின்மூன்று என் கையெழுத்து, நல்ல கையெழுத்து.

இருபதாம் தேதி கலீலுர் ரஹ்மான் முடிவை அறிவித்தார். உட்காரச் சொல்லாமல் அவனிடம் கை குலுக்கினார்.

"அச்சு வரைக்கும் புதைஞ்ச வண்டியிலிருந்து முப்பத்துமூணு ரிப்போர்ட். ஒண்ணு கூட மிஸ் ஆகலை. இதுக்கு மேல ஒரு ரேடியோ என்னதான் செய்யணும்?"

கார்மேகத்தின் உதடு வெடித்திருந்தது.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம். முப்பத்துமூணு தடவை ஆல் வெல் சொன்ன நீ, ஒரு தடவை கூட மாட்டிக்கிட்டேன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேன்ல? இதுக்கு ஒரு மெமோ வரும். மனசுல வச்சுக்காதே."

வண்டி புதைந்து கிடந்ததால் அதை ஒப்படைக்க முடியவில்லை. வண்டியை ஒப்படைக்காததால் படிவம் முடியவில்லை. இழுத்துவர ஐந்து நாள். மன்னிப்புக் கடிதம் டைப் அடிக்க ஒரு நாள். புதுப் படிவத்தின் முப்பதாவது கட்டத்தில் கார்மேகம் 'வெரி குட்' என்று எழுதினான். பாஸ்போர்ட் கிடைத்தது. பள்ளிக்கூட லீவு சீசன், விமானத்தில் இடமில்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதிதான் கிடைத்தது. லீவு பதினான்காம் தேதி முடிகிறது. பாலைவனத்தில் கிடந்த இரண்டு நாளும் ரிப்போர்ட் வந்திருப்பதால் அவை டூட்டி நாட்கள், அவற்றைத் திருப்பித் தரலாமா என்று நூஹு காக்கா அவனுக்காக எழுதிக் கேட்டார். சொந்த விருப்பத்தில் ஓட்டியதால் தர இயலாது என்று பதில் வந்தது.

போவதற்கு முன் ராக்கப்பனை வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். சீட்டுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை, பத்து குபூஸ். ரேடியோவைக் காட்டி, "சட்டை மாட்டிக்கலாம்ணே" என்றான்.

ரிஜிஸ்தரில் டிரைவர் பெயரை மாற்ற ஒரு படிவம் உண்டு. அது கையெழுத்தாகி வரவில்லை. அதனால் அவன் விமானத்தில் பறந்தபோதும் ஊரில் இருந்தபோதும் ஏழாம் நம்பர் வரியில் கார்மேகம் பெயரே ஓடியது. மணிக்கு ஒன்று. நானும் எழுதினேன். அவன் திரும்பிய பிறகும் இன்னும் நான்கு மாதம் எழுதிவிட்டுத்தான் வேலையை விட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாலை கார்மேகம் ரேடியோ அறைக்கு வந்தான். தாளில் பொதிந்த சேவு கொடுத்தான். ஜலஜா சுட்டது. ரிஜிஸ்தரைப் பார்க்கலாமா என்று கேட்டான். எதற்கு என்றேன்.

"ஊர்ல இருந்த நாள்ல நா எப்பிடி இருந்தேன்னு பாக்கணும்ணே."

அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ஆகஸ்ட் மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்தான். கார்மேகம், ஆல் வெல். கார்மேகம், ஆல் வெல். சில பக்கங்களில் அதிக நேரம் நின்றான். இதெல்லாம் சரிதாண்ணே என்றான். பதினான்காம் தேதி, ஊரிலிருந்து அவன் திரும்ப விமானம் ஏறிய நாள், வந்ததும் விரலை எடுத்தான்.

"இந்த ஒரு பக்கம் மட்டும் தப்புண்ணே."

ரிஜிஸ்தரில் திருத்தம் செய்ய வேண்டுமென்றால் மூன்று பிரதியில் படிவம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். வேண்டாம் என்றான். ரிஜிஸ்தரை என் பக்கம் தள்ளினான். ஏழு மணி ஆனது. அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, அவன் வரியை எழுதினேன்.